செலவில்லாத நகரம்

சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த நகரத்தைப் பார்த்தது கடைசி முப்பது நாட்களில்தான். அந்த நாட்களில் செலவழிக்க என்னிடம் காசில்லை என்பதே அதற்குக் காரணம்.

2016ஆம் ஆண்டு. எண்ணெய் விலை சரிந்து, கப்பல் பட்டறைகளிலும் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டும் தளங்களிலும் வேலை வற்றிக்கொண்டிருந்தது. நான் வரைபடம் வரைந்துகொண்டிருந்த நிறுவனத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பதினோரு பேரை ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் அழைத்தார்கள். நான் ஏழாவது ஆள். வேலை அனுமதி ரத்தானதும் முப்பது நாள் தங்குவதற்கு வருகை அனுமதி தருவார்கள். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் இருக்கலாம். இல்லையென்றால் கிளம்ப வேண்டும். கடைசிச் சம்பளத்தில் பெரும்பகுதி தங்கையின் திருமணக் கடனுக்குப் போனது. கையில் நின்றது 180 வெள்ளி. ஊர் போய்ச் சேரும்வரை அதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டேன். வீட்டில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மாவிடம் வழக்கம்போல இரவு பேசினேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

ஜூரோங்கில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தேக்காவில், ரோவெல் சாலையில், ஊர்க்காரர் ஒருவரின் அறைக்கு வந்தேன். அறந்தாங்கிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "இருக்குறவரைக்கும் இருடா தம்பி. பொங்குற சோத்துல ஒரு பிடி கூடப் போட்டா ஆச்சு" என்றார். அந்த அறையில் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆளுக்குக் கட்டில் கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவருக்குச் சுரங்க ரயில் பாதை கட்டுமானத்தில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு அவர் சிமெண்டுத் தூசியோடு வந்து நிற்கும்போது கட்டில் காலியாக இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அவர் கிளம்பிய பிறகு அது என்னுடையது. ஆக, ஒவ்வொரு நாளும் பதின்மூன்று மணி நேரம் நான் வெளியே இருந்தாக வேண்டும்.

முதல் சில நாட்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. நகரத்தில் நடப்பதற்குக் காசு வேண்டாம், உட்காருவதற்குத்தான் வேண்டும். கோப்பிக்கடை நாற்காலியில் அமர்ந்தால் அடுத்த நொடி ஒருவர் வந்து என்ன குடிக்கிறாய் என்று கேட்பார். பெரிய கடைத்தொகுதிகளில் குளிர்ச்சி இலவசம். ஆனால் மூன்று மாடி ஏறி இறங்கினாலும் ஒரு பெஞ்சு கண்ணில் படாது. வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் கல்மேசைகள் உண்டு. அவற்றில் முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். அங்கே தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்தால், யாரும் எதுவும் கேட்காவிட்டாலும், நாமே எழுந்துவிடுவோம். அருங்காட்சியகங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், எனக்குக் கட்டணம். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நான் தங்கியிருந்த அறையிலிருந்து சில நிமிட நடை. நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்லும் இடம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் நுழையாத கட்டிடம். பட்டறை, பேருந்து, உறக்கம், ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா, பணம் அனுப்பும் கடையில் வரிசை - அதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த சிங்கப்பூர். நூலக வாசலில் கடவுச்சீட்டைக் கேட்பார்களோ என்று சட்டைப்பையில் கைவைத்தபடியே உள்ளே போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மின்தூக்கியில் ஏறி, மேல்தளத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் அடுக்குகளுக்கு நடுவே, ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். குளிர்ச்சி, வெளிச்சம், குடிநீர், கழிப்பறை, இணையம் எல்லாம் இருந்தன. எழுந்து போ என்று சொல்ல யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்று நான் எதையும் வாசிக்கவில்லை. மேசைமேல் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் விண்ணப்பங்கள் அனுப்புவேன். பதில் எதுவும் இல்லை என்று பதினோரு மணிக்குத் தெரிந்துவிடும். பிறகு வாசிப்பு. அப்படித்தான் 'சிங்கை நேசன்' இதழை முதன்முதலாகப் பார்த்தேன். 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு இந்த ஊரிலிருந்து நடத்திய தமிழ் வார இதழ். நூலகம் அதை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவில் தமிழில் ஒரு பத்திரிகையை அச்சடித்தால் வாங்கிப் படிக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வணிகர்களையும் எழுத்தர்களையும் நான் ஊகித்துக்கொண்டேன். அவர்களுக்கும் முன்னால் வந்தவர்கள் யார் என்று தேடப் போனபோது கைதிகள் வந்து நின்றார்கள்.

1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுமத்ராவிலிருந்த பெங்கூலனை ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் வந்திறங்கிய முதல் தொகுதியில் இருந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட 80 பேர். அடுத்து வங்காளத்துக் கைதிகள். அப்போதிருந்து 1873 வரை, கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள், இந்தத் தீவு இந்தியக் கைதிகளின் நாடுகடத்தல் நிலம். சதுப்பைத் தூர்த்தார்கள், காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். தோட்டங்களில் புலி இறங்கியபோது புலி வேட்டைக்கும் அனுப்பப்பட்டார்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா, 1860களின் இறுதியில் ஆளுநர் மாளிகையாக அவர்களைக்கொண்டுதான் கட்டப்பட்டது. அவர்களை மேற்பார்வையிட்ட பொறியாளர் மெக்நேர் 1899இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், கைதிகளே தங்கள் காவலர்கள். சிறைக்கு வெளியிலிருந்து காவலர்களை அமர்த்தினால் செலவு. ஆகவே நன்னடத்தையுள்ள கைதிகளையே மற்ற கைதிகளுக்குக் காவலாக்கினார்கள்.

அதை வாசித்த மாலையில் வழக்கமான வழியில் அறைக்குத் திரும்பவில்லை. நூலகத்துக்குப் பக்கத்திலேயே பிராஸ் பசா சாலை. கைதிகளின் சிறை அந்தச் சாலையை ஒட்டித்தான் இருந்தது. அதைக் குறுக்காக வெட்டிச்செல்வது பெங்கூலன் தெரு. எத்தனையோ ஞாயிறுகளில் பேருந்திலிருந்து பார்த்த பெயர்ப்பலகை. விடுதிகளும் கணினிக் கடைகளும் உள்ள தெரு என்பதற்குமேல் அதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். பார்க்க ஒன்றுமில்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வேலை அனுமதி ரத்தான ஒருவன், நாட்டைவிட்டுப் போக விடாமல் பிடித்துவைக்கப்பட்டவர்களின் நினைவுள்ள தெருவில் நடந்துபோவது ஒரு விசித்திரமான அனுபவம். இருப்பதற்கு எனக்கு அனுமதியில்லை. போவதற்கு அவர்களுக்கு அனுமதியிருக்கவில்லை.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு மறுநாள் போனேன். பளிச்சென்ற வெள்ளைக் கோபுரம், சுற்றிலும் புல்வெளி. உள்ளே போகக் கட்டணம் இல்லை. 1850களின் நடுவில் தொடங்கி 1860களின் தொடக்கத்தில் முடிந்த இந்தக் கட்டிடமும் கைதிகளின் வேலை. அதன் சுவர்ப்பூச்சைப் பற்றி மெக்நேர் எழுதியிருப்பதை நூலகத்தில் படித்திருந்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, பனஞ்சர்க்கரை போன்ற முரட்டுச் சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. ஆங்கிலேயர்கள் அதைச் சென்னைச் சுண்ணாம்பு என்றார்கள். நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. என் அம்மாவின் அப்பா செட்டிநாட்டு வீடுகளுக்குப் பூச்சு வேலைக்குப் போனவர். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பிரித்துக் கொடுப்பது சிறுபிள்ளையாக இருந்தபோது தன் வேலை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மிஞ்சிய மஞ்சள்கருவைத் தின்று தின்று முட்டை என்றாலே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் மேற்பூச்சு எத்தனையோ முறை மாறியிருக்கும், வண்ணம் அடித்திருப்பார்கள். நான் தொட்டது அவர்கள் பூசியதைத்தான் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கையை எடுக்க நேரமாயிற்று. யாரோ ஒருவனுக்கு இந்த வேலை ஊரிலேயே தெரிந்திருக்க வேண்டும். கலவையின் பதத்தை விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பான். அவன் என்ன குற்றம் செய்தான், விடுதலையானானா, எங்கே புதைந்தான் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

அதன்பிறகு காசில்லாமல் ஊர் சுற்றுகிறோம் என்ற கூச்சம் எனக்குக் குறைந்துவிட்டது. அது நியாயமா என்று தெரியவில்லை. கூலி வாங்காதவர்கள் கட்டிய நகரத்தில் கட்டணம் கொடுக்காமல் நடக்கிறோம் என்று ஒரு கணக்கு மனதுக்குள் நேரானது போலிருந்தது. அவர்களுக்கு நான் வாரிசு இல்லை. ஆனால் சௌத் பிரிட்ஜ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் நடக்கும்போது காலுக்குக் கீழே யாரோ இருக்கிறார்கள் என்ற எண்ணம் துணைக்கு வந்தது.

சௌத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. அவர் ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர், செங்கல் சூளை வைத்தவர், துணிக்கடை நடத்தியவர் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கடை 1822இல் தீயில் எரிந்து அவர் கடனாளியாக நின்ற செய்தியை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோயில் நெடுங்காலம், புதிதாக வந்திறங்கி வேலை கிடைக்காதவர்கள் தங்கிக்கொள்ளும் இடமாகவும் இருந்திருக்கிறது. மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்து கையில் கொண்டுபோன தயிர்சோற்றுப் பொட்டலத்தை வெளியே எங்கே வைத்துச் சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் இதே தரையில் அமர்ந்து நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்திருப்பார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்து சிலாட் சாலை குருத்வாராவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அறையில் பொங்கும் சோறு எனக்குப் போதும்தான். ஆனால் தினமும் அந்த எட்டுப் பேரின் பங்கிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது உறுத்தியது. ஒரு வேளையாவது குறைக்கலாமே என்று போனேன். வாசலில் பெட்டியில் தலைத்துணிகள் வைத்திருந்தார்கள். ஒன்றைக் கட்டிக்கொண்டு லங்கர் கூடத்தில் அமர்ந்தேன். சப்பாத்தி, பருப்பு, தயிர். வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர் மலாயில் "மக்கான் சூடா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறாரென்று தலையசைத்தேன். இன்னொரு சப்பாத்தியை அதன்பிறகும் வைத்துவிட்டுப் போனார். எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை, எதற்கு வந்தாய் என்று எந்தக் கேள்வியும் இல்லை. சாப்பிட்டு முடித்தபின் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றேன். ஒருவர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அரைமணி நேரம் தட்டுகள் கழுவினேன். வேலை போன பிறகு நான் செய்த முதல் வேலை அது.

அந்தக் குருத்வாராவில் பாய் மகாராஜ் சிங்குக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பஞ்சாபை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டபோது எதிர்த்துப் போரிட்டவர். 1850இல் இங்கே கொண்டுவந்து அவுட்ராம் சிறையில் அடைத்தார்கள். 1856இல் சிறையிலேயே இறந்தார். சிறை இப்போது இல்லை. ஆனால் ஒரு கைதியின் பெயரை நினைத்திருக்கும் இடத்தில், வருகிற எவருக்கும் சோறு போடுகிறார்கள். பெயர் தெரியாமல் போன மற்றவர்களுக்கு அப்படியொரு இடம் வாய்க்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள், அதுவரை நம்பிக்கை தந்துகொண்டிருந்த ஒரே நிறுவனத்திலிருந்து இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. துவாஸில் இருந்த அந்த நிறுவனத்தின் நேர்முகத்துக்கு மட்டும்தான் ரயில் அட்டையில் மிச்சமிருந்த காசைச் செலவழித்திருந்தேன். அன்று நூலகத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. புக்கிட் தீமா சாலைக் கால்வாயை ஒட்டியே நடந்து தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1859இல் தொடங்கிய பூங்கா. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்றதெல்லாம் விடியற்காலை ஐந்திலிருந்து நள்ளிரவுவரை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஏரியோரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, மரங்களுக்கிடையே மேட்டில் ஏறியபோது ரப்பரைப் பற்றிய விளக்கப் பலகை ஒன்றின் முன் நின்றேன். 1877இல் லண்டனிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. பதினோரு ஆண்டுகள் கழித்துப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ரப்பரைப் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் அலுக்காமல் சொல்லிவந்தார். மலாயா முழுக்க ரப்பர் பரவியது. பால்மரம் சீவக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் தாத்தாவின் தம்பி. எங்கள் வீட்டில் அவருடைய ஒரு புகைப்படம் உண்டு. அவர் திரும்பி வரவில்லை.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தேன். ஊரில் காலை எட்டரை மணி இருக்கும். இந்த நேரத்தில் நான் அழைப்பதில்லை என்பதால் எடுத்ததுமே, "என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"வேலை போயிருச்சும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னணியில் பக்கத்து வீட்டு வானொலி கேட்டது.

"எத்தன நாளாச்சு?"

"இருபத்திரண்டு நாள்."

"சாப்பாட்டுக்கு?"

"அறந்தாங்கி அண்ணன் ரூமுல இருக்கேன். சாப்பாட்டுக்குக் கொறையில்ல."

"பகலெல்லாம் என்ன பண்ற?"

"நடக்குறேன். ஊரப் பாக்குறேன்."

சொன்னபிறகு எனக்கே அது அபத்தமாகப் பட்டது. கடன் பாக்கியிருக்கிறது, மகனுக்கு வேலை போய்விட்டது, அவன் ஊர் பார்க்கிறேன் என்கிறான். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆறு வருசமா அங்க இருக்க. அந்த ஊரு எப்படிப்பா இருக்குன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்! நல்லாருக்கும்மா, பெரிய பெரிய கட்டடம்மா, அவ்வளவுதான் சொல்லுவ. இப்பவாவது சொல்லு, எப்படி இருக்கு?"

சொன்னேன். நூலகத்தின் நாற்காலியைச் சொன்னேன். கட்டில் மாறும் கதையைச் சொன்னேன், சிரித்தாள். கைதிகளைப் பற்றியும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சைப் பற்றியும் சொன்னபோது குறுக்கிட்டு, "கையில தேச்சா வழுவழுன்னு இருக்குமே, அதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கப்பாரு தேச்ச சுவருல மூஞ்சி தெரியும். அங்க தெரியுதா?" என்றாள். தெரியவில்லை, மேலே வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப கீழ இருக்கும்" என்றாள்.

ரப்பரைப் பற்றிச் சொல்லிச் சின்னத்தாத்தாவைக் குறிப்பிட்டதும் அவள் குரல் மாறியது. "அவுகளும் வேலை போச்சுன்னு ஒரு கடுதாசி போட்டிருந்தா வந்து சேந்திருப்பாக. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னே அங்கயே இருந்துட்டாகன்னு உங்க தாத்தா சொல்லுவாக. நீ வந்துரு. வந்து மிச்சத்தையும் சொல்லு."

மீதமிருந்த எட்டு நாட்களும் விண்ணப்பங்களை நான் நிறுத்தவில்லை. ஆனால் நடக்கும்போது பார்ப்பதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்வதற்காகப் பார்த்தேன். டெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனக் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதையும், ஒரு காலத்தில் கடல் அந்தத் தெருவரை இருந்ததையும், கடலே வேண்டாமென்று பிற்பாடு தூர்த்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். எஸ்பிளனேடின் திறந்தவெளி அரங்கில் மாலையில் இலவசமாகப் பாட்டுப் பாடுவதைத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கேட்கவைத்தேன். புரியாத மொழி, ஆனாலும் முழுப்பாட்டையும் கேட்டாள்.

கிளம்பும் நாளன்று காலை ஏழு மணிக்கு இரவு வேலைக்காரர் வந்தார். முப்பது நாட்களாக ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. கட்டிலை உதறி விரித்துக் கொடுத்தேன். "பத்திரமாப் போயிட்டு வாங்க தம்பி" என்றார். அவருடைய சுரங்கப் பாதை எந்த இடத்தில் தோண்டுகிறது என்று அப்போதுதான் கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் தினமும் மேலே நடந்த சாலைகளில் ஒன்று.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது 180 வெள்ளியில் 171 இருந்தது. குறைந்த ஒன்பது வெள்ளியும் செருப்புக்கு.